பாயிண்ட் சிக்ஸ் வரும்வரை

எங்கள் லேபில் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது காத்திருக்கும் வேலையை. முந்தின நாள் சாயங்காலம் போட்டு, இரவெல்லாம் வளர்ந்து கெட்டியாகக் கலங்கிக் கிடக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் பத்து மில்லி எடுத்து ஒரு லிட்டர் புது ஊடகத்தில் விடுவோம். ஃபிளாஸ்க்கை ஷேக்கரில் கிளிப்பில் மாட்டி 37 டிகிரியில் சுற்றவிடுவோம். முதல் ஒரு மணி நேரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெல்லம் கரைத்த தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். பிறகு, ஃபிளாஸ்க்கின் அந்தப் பக்கத்தில் மார்க்கரால் எழுதிய தேதி இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மெல்ல மங்கத் தொடங்கும். அங்கிருந்து அரைமணிக்கு ஒருதரம் ஒரு மில்லி எடுத்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து ஓ.டி. பார்ப்போம். ஓ.டி. என்றால் கலங்கலின் அளவு. 0.1, 0.2, 0.35. அதற்குமேல் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. அரைமணிக்குள் இரட்டிப்பாகிற கூட்டம் அது. காபி குடிக்கப் போய்விட்டு வருவதற்குள் கைமீறிவிடும்.

0.6 தொட்டதும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகவைத்த ஐ.பி.டி.ஜி.யைப் பிப்பெட்டால் சேர்க்க வேண்டும். "பாயிண்ட் சிக்ஸ் வந்துடுச்சுக்கா" என்று பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகூட வேண்டாம், அரை மில்லி போதும். பார்வைக்குத் தண்ணீர்தான். அது விழுந்த சில நிமிடங்களில், அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு மரபணு பேச ஆரம்பிக்கிறது. பாக்டீரியா தன் சொந்த வேலையை ஒதுக்கிவிட்டு, நாம் உள்ளே வைத்திருக்கும் மரபணுவுக்கான புரதத்தைச் செய்துதள்ளுகிறது.

ஏன் 0.6 என்று கேட்பார்கள். அம்மா அதிரசத்துக்குப் பாகு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் உருட்ட வந்தால் உடனே இறக்கியாக வேண்டும். அதைத் தாண்டினால் கல்லாகிவிடும். பாக்டீரியாவுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. ஆள் சேருவதற்கு முன்பே பாரத்தை ஏற்றினால் கூட்டம் பெருகாமலே நின்றுவிடும். சாப்பாடு தீர்ந்து கிழடான பிறகு ஏற்றினால் செய்யத் தெம்பு இருக்காது.

2004-இல் ஒரு மழைக்கால இரவு நான் அந்தப் பதத்தைத் தவறவிட்டேன். நான்கு லிட்டர் வளர்ப்பு, ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கானது. ஓ.டி. 0.15-ஐத் தாண்டவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன என்று ஐ.பி.டி.ஜி.யை ஊற்றிவிட்டு ஓடினேன். காலையில் ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் எழுதியிருந்த தேதியைத் தெளிவாகவே படிக்க முடிந்தது. செல்களை வடித்தெடுத்தால் குழாயின் அடியில் மிளகளவு. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டிப் பார்த்தோம், எங்கள் புரதத்தின் தடித்த பட்டை விழவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வாரத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: எந்த நேரத்தில் ஒரு மரபணு விழிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை மனிதர் கைக்கு எப்படி வந்தது? கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கதை பாரிஸில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது தொடங்குகிறது. ஜாக் மோனோ அப்போது சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். வயது முப்பது. செலோ வாசிப்பார், பாக்கின் இசைக்கு ஒரு பாடகர் குழுவை நடத்துவார். விஞ்ஞானத்தில் இருப்பதா, இசைக்குப் போய்விடுவதா என்று தத்தளித்த ஆள். 1936-இல் கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் அவரும் போயிருக்க வேண்டியது. கடைசியில் மனம் மாறி, மரபியல் படிக்கக் கலிஃபோர்னியா போனார். அந்தக் கப்பல் ஐஸ்லாந்துக் கரையோரம் மூழ்கியது, ஒரே ஒருவர் பிழைத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒருகணம் நின்றுவிடும்.

மோனோ செய்தது எங்கள் லேபில் தினமும் நடப்பதைத்தான்: பாக்டீரியாவை வளர்த்து, நேரத்துக்கு நேரம் கலங்கலை அளப்பது. அவர் ஊடகத்தில் இரண்டு வகைச் சர்க்கரை போட்டார். சில ஜோடிகளில் வளர்ச்சிக் கோடு ஒரே மூச்சில் ஏறியது. வேறு சில ஜோடிகளில், உதாரணமாகக் குளுக்கோஸும் பால் சர்க்கரையான லாக்டோஸும் இருந்தால், கோடு ஏறி, நின்று, மறுபடி ஏறியது. மாடிப்படிக்கு நடுவில் ஒரு தளம் இருப்பதுபோல. பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று தீர்க்கிறது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது. அதன்பிறகே லாக்டோஸில் வாய் வைக்கிறது. இதற்கு டயாக்ஸி என்று பெயர் வைத்தார். 1940 டிசம்பரில் இந்தக் கோட்டை பாஸ்டர் நிறுவனத்து ஆந்த்ரே லுவாஃபிடம் காட்டினார். லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தேவை வந்தபிறகு செய்துகொள்வதாக இருக்கலாம் என்றார் லுவாஃப். நொதிகள் அப்படித் தேவைக்கேற்ப உண்டாகும் என்பதையே மோனோ அன்றுதான் கேள்விப்பட்டார். 1941-இல் பட்டம் வாங்கினார், பிறகு நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் தலைமறைவு வேலையில் இறங்கினார். ஆனால் அந்த நடுத் தளம் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

போர் முடிந்து மோனோ லுவாஃபின் ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தார். அது பாஸ்டர் நிறுவனத்தின் மச்சு மாடி. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் மோனோவின் ஆட்கள் லாக்டோஸை வைத்துக்கொண்டிருந்தார்கள். மறுகோடியில் லுவாஃபின் ஆட்கள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வைரஸ்களில் ஒருவகை பாக்டீரியாவின் மரபுப் பொருளுக்குள் புகுந்து தலைமுறை தலைமுறையாகத் தூங்கும். புற ஊதா ஒளி பட்டால் விழிக்கும். ஒரு மணி நேரம்போல ஆனதும் பாக்டீரியாக் கூட்டமே வெடித்து, கலங்கிய ஃபிளாஸ்க் தெளிந்துவிடும். 1950-இல் லுவாஃபிடம் வந்து சேர்ந்த ஃபிரான்சுவா ஜேக்கப்புக்குக் கிடைத்த வேலை இந்த வைரஸ்தான். அறுவை மருத்துவராக ஆசைப்பட்டவர் அவர். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் குண்டுவீச்சில் படுகாயமடைந்ததால் அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது. ஒரே தாழ்வாரத்தின் இரு கோடியிலும் ஒரே கேள்வி இருந்தது என்பது எட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

இடையில் ஜேக்கப்பும் எலி வோல்மனும் செய்த ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பாக்டீரியாவில் ஆண், பெண் என்று அவர்கள் அழைத்த இரு வகை உண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டதும் ஆண் தன் மரபுப் பொருளை நூல்போலப் பெண்ணுக்குள் செலுத்தும். இவர்கள் சமையலறை மிக்ஸி ஒன்றை லேபில் வைத்துக்கொண்டார்கள். ஒட்டவிட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு பகுதியை எடுத்து மிக்ஸியில் ஒரு சுற்று, ஜோடிகள் பிய்ந்துவிடும். பத்து நிமிடத்தில் இன்னொரு பகுதி, பதினைந்தில் இன்னொன்று. எந்த நிமிடத்தில் பிரித்தால் எந்த மரபணு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்தார்கள். மரபணுக்கள் வரிசை மாறாமல், ஒவ்வொன்றும் தன் நிமிடத்தில் வந்தன. முழு நூலும் போய்ச்சேர நூறு நிமிடம் ஆகும். அதனால் ஈ.கோலையின் மரபணு வரைபடம் நிமிடக் கணக்கில் வரையப்பட்டது. லாக்டோஸ் மரபணுக்கள் இருப்பது எட்டாவது நிமிடத்தில். உலகில் தூரத்தை நேரத்தால் குறித்த வரைபடங்களில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை.

இந்த மிக்ஸி வித்தையைத்தான் 1957 கடைசியில், பெர்க்லியிலிருந்து ஓராண்டுக்கு வந்திருந்த ஆர்தர் பார்டீ, ஜேக்கப், மோனோ மூவரும் லாக்டோஸ் கேள்விக்குத் திருப்பினார்கள். லாக்டோஸே இல்லாவிட்டாலும் நொதியை ஓயாமல் செய்துகொண்டிருக்கும் பாக்டீரியா வகை ஒன்று இருந்தது. அதில் 'ஐ' என்ற மரபணு பழுது. அந்தப் பழுதான 'ஐ' உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு தூண்டுபொருளைச் செய்கிறது, அதனால்தான் ஓயாமல் வேலை நடக்கிறது என்று மோனோ நம்பினார். யாருக்கும் முதலில் தோன்றுவதும் அதுதான். நொதி மரபணுவும் பழுது, 'ஐ'யும் பழுது என்றிருந்த பெண் செல்களுக்குள், இரண்டும் நன்றாக இருக்கும் ஆண் செல்களின் மரபணுக்களைப் போகவிட்டார்கள். ஊடகத்தில் லாக்டோஸ் கிடையாது. நொதி மரபணு உள்ளே போன சில நிமிடங்களிலேயே நொதி உண்டாக ஆரம்பித்தது. ஒரு மணி நேரம்போல நன்றாக ஓடியது. பிறகு தேய்ந்து நின்றுபோனது.

நின்றதுதான் முக்கியம். கூடவே உள்ளே போன நல்ல 'ஐ' மரபணு தன் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. அது போதுமான அளவு சேர்ந்ததும் நொதி வேலை நின்றுவிடுகிறது. அப்படியானால் 'ஐ' செய்வது தூண்டுபொருள் அல்ல, தாழ்ப்பாள். லாக்டோஸ் வந்து யாரையும் உசுப்புவதில்லை, போட்டிருந்த தாழ்ப்பாளை நீக்குகிறது, அவ்வளவே. எதையும் தூண்டாமல் தடையை மட்டும் விலக்கினாலும் இதே விளைவு வரும் என்று லியோ ஸிலார்ட் ஏற்கனவே மோனோவிடம் வாதாடியிருந்தார். அணுகுண்டுக் காலத்து இயற்பியலாளர் அவர், அப்போது உயிரியல் பக்கம் வந்திருந்தார். மோனோவுக்கு அது பிடிக்கவில்லை. சோதனை சொன்னபிறகு ஏற்றுக்கொண்டார். தான் பல வருடம் நம்பியதற்கு நேரெதிரானதை இப்படி ஒப்புக்கொள்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும்.

1958 ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் பேசவேண்டிய உரையோடு மல்லாடிச் சலித்த ஜேக்கப், மனைவியோடு சினிமாவுக்குப் போனார். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது தாழ்வாரத்தின் இரண்டு கோடியும் ஒன்றாகத் தெரிந்தன. தூங்கும் வைரஸும் தூங்கும் லாக்டோஸ் மரபணுவும் ஒரே மாதிரித் தாழ்ப்பாளால் மூடப்பட்டிருக்கின்றன. அந்தத் தாழ்ப்பாள் டி.என்.ஏ. மீதே போய் உட்காருகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாமல் வெறும் சுவிட்சை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை நுட்பமாக அளவு காட்ட முடியும்? அதற்கும் அவருக்கு விடை வீட்டிலேயே கிடைத்தது. மகன் ஒருவன் விளையாட்டு மின்ரயிலின் சுவிட்சை வேகவேகமாகப் போட்டு அணைத்து, ரயிலை வேண்டிய வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்ததைத் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். போடுவதும் அணைப்பதும் எப்போது என்பதிலேயே எல்லா அளவும் அடங்கிவிடுகிறது. 1961-இல் அவரும் மோனோவும் எழுதிய கட்டுரையில், ஒரே தாழ்ப்பாளுக்குக் கீழே சேர்ந்து திறந்து மூடும் மரபணுத் தொகுப்பான ஓபரான் என்ற கருத்து முழு வடிவத்தில் வந்தது. 1965-இல் லுவாஃபுக்கும் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு.

தாழ்ப்பாளை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு செல்லில் பத்துப் பதினைந்துதான் இருக்கும், பிரித்தெடுப்பது எளிதா? 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிடித்தார்கள், எங்கள் ஐ.பி.டி.ஜி.யை வைத்தேதான். அது லாக்டோஸின் சாடையில் இருக்கும் செயற்கைப் பொருள். தாழ்ப்பாளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் இருக்கவேண்டிய ஓர் இடத்தில் கந்தகம் இருப்பதால் நொதியால் அதைக் கடித்து உடைக்க முடியாது. போட்டது போட்டபடி இருக்கும். அதில் கதிரியக்கக் குறி ஏற்றி, பாக்டீரியாச் சாறு அடைத்த சவ்வுப்பையை அதற்குள் மிதக்கவிட்டார்கள். பைக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே சற்றே கூடுதலாகக் கதிரியக்கம் காட்டியது. அந்தச் சற்றேயைப் பற்றிக்கொண்டு புரதத்தைத் தூய்மைப்படுத்தினார்கள்.

அதன்பிறகு அறிவு கைத்தொழிலாக மாறியது வேகமாக நடந்தது. 1977-இல் சொமட்டோஸ்டாட்டின் என்ற மனித ஹார்மோனை ஈ.கோலையில் செய்தபோதும், 1978-இல் மனித இன்சுலினைச் செய்தபோதும் லாக்டோஸின் தாழ்ப்பாள்தான் கதவில் இருந்தது. 1982-இல் அந்த இன்சுலின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. என் அப்பா கடைசிப் பத்து வருடம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர். அந்தக் குப்பியைப் பார்க்கும்போது எனக்கு மச்சு மாடித் தாழ்வாரம் நினைவுக்கு வரும்.

எங்கள் லேபில் இன்றும் ஓடுவது 1986-இல் வில்லியம் ஸ்டூடியர், நியூயார்க்குக்கு அருகில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் அமைத்த ஏற்பாடு. டி7 என்ற வைரஸிடம் மரபணுவைப் படித்து நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் சொந்த இயந்திரத்தைவிடப் பல மடங்கு வேகம். தன் கையெழுத்து இருக்கும் மரபணுவைத் தவிர வேறெதையும் தொடாது. அந்த இயந்திரத்தின் மரபணுவை லாக்டோஸ் தாழ்ப்பாளுக்குப் பின்னால் பூட்டிவைத்தார் ஸ்டூடியர். தாழ்ப்பாள் திறந்தால் சில மணி நேரத்தில் செல்லின் மொத்தப் புரதத்தில் பாதிகூட நாம் கேட்டதாக இருக்கும். அந்த வேகத்தால்தான் 0.15-இல் நான் ஊற்றியது அந்தக் கூட்டத்தை அப்படி முடக்கியது.

திறப்பதற்கு மனிதக் கை எதற்கு, பாக்டீரியாவே தன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அடுத்த தலைமுறை நினைத்தது. 2000 ஜனவரியில் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தவர் இரண்டு தாழ்ப்பாள்களை ஒன்றையொன்று பூட்டும்படி வைத்து, தட்டிவிட்ட பக்கமே நிற்கும் சுவிட்ச் செய்தார்கள். பிரின்ஸ்டனில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்ளரும் மூன்றை வட்டமாக நிறுத்தினார்கள்: முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை. மூன்றில் ஒன்று லாக்டோஸின் தாழ்ப்பாள், இன்னொன்று தூங்கும் வைரஸின் தாழ்ப்பாள். ஆம், அதே தாழ்வாரத்தின் இரு கோடிகள். செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன, மங்கின, மறுபடி ஒளிர்ந்தன, ஏறத்தாழ 150 நிமிடத்துக்கு ஒருதரம். பாக்டீரியா ஒருமுறை பிரிவதைவிட அது நீண்ட நேரம், ஆகவே அம்மா தொடங்கிய சுற்றைப் பேத்தி முடித்தது. ஆனால் பாதிக்கும் குறைவான செல்களே சீராகத் துடித்தன. பக்கத்துப் பக்கத்துச் சகோதரிகள்கூடச் சிறிது நேரத்தில் தாளம் தவறினார்கள். எதைச் சேர்த்தால் சரியாகும் என்று பலரும் பார்த்துக்கொண்டிருக்க, 2016-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் யோஹன் பால்சன் குழுவினர் பாகங்களைக் குறைத்து, தாளத்தைக் குலைக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடித்தேடி அடக்கினார்கள். அதன்பிறகு பதினான்கு தலைமுறைக்கு ஒரு சுற்று, தாளம் பிசகாமல். தட்டில் வளர்ந்த அந்தக் கூட்டம் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல வட்டம் வட்டமாக நிறம் காட்டிய படத்தை நான் அச்செடுத்து ஷேக்கருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

என் வாழ்க்கையை மாற்றியது அந்தக் கடிகாரம் அல்ல, 2005-இல் ஸ்டூடியர் எழுதிய இன்னொரு கட்டுரை. சில ஊடகங்களில் ஐ.பி.டி.ஜி. போடாமலே தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்வது அவரை உறுத்தியிருந்தது. தேடிப்போனால், ஊடகத்துக்குப் போடும் புரதத் தூள் பாலின் கேசீனிலிருந்து செய்தது, அதில் லாக்டோஸ் துளி ஒட்டியிருந்தது. வேறொருவராக இருந்தால் தூளை மாற்றியிருப்பார். அவர் அந்தத் தொல்லையையே வழிமுறையாக்கினார். கொஞ்சம் குளுக்கோஸ், அதைவிட நான்கு மடங்கு லாக்டோஸ், தெம்புக்குக் கிளிசரால். சதவீதத்தில் கிளிசரால் 0.5, குளுக்கோஸ் 0.05, லாக்டோஸ் 0.2. இந்த எண்களைச் சேர்த்து 5052 என்றே அந்தக் கலவைக்குப் பெயர். குளுக்கோஸ் இருக்கும்வரை பாக்டீரியா லாக்டோஸை உள்ளே விடாது. குளுக்கோஸ் தீரும்போது கூட்டமும் பதத்துக்கு வந்திருக்கும். அப்போது லாக்டோஸ் உள்ளே போகும், தாழ்ப்பாள் விலகும். மோனோ 1940-இல் கோட்டில் பார்த்த அந்த நடுத் தளம்தான் இங்கே கடிகாரம்.

2008-இல் முதல்தடவை நம்பிக்கை இல்லாமலே போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷேக்கரில் மாட்டினேன். கை கழுவி, விளக்கை அணைத்து, அவசரப்படாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். மறுநாள் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஈ.கோலை நன்றாக வளர்ந்தால் வரும் இண்டோல் வாடை. மல்லிகையிலும் சிறிதளவு இருப்பது, இங்கே மூக்கை அடைக்கும். ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் எழுதிய தேதி தெரியவேயில்லை. வடித்தெடுத்தபோது குழாயின் அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் செல்கள். ஜெல்லில் கட்டைவிரல் வைத்ததுபோலப் பட்டை. நள்ளிரவு தாண்டி எந்த நிமிடத்தில் குளுக்கோஸ் தீர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் மூன்று மாதம் நான் 5052 பக்கம் விடுவதில்லை. ஓ.டி. பார்க்கச் சொல்கிறேன். இப்போது இதை எழுதும்போது பக்கத்து அறையில் ஒரு பையன் 0.48-இல் நிற்கிறான், ஐ.பி.டி.ஜி. குழாயை உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டு.